நூலுக்குள் ஒரு நரைமயிர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தவள். ஆட்களை எளிதில் நம்பமாட்டேன்.

புளியந்தீவில் நாங்கள் கூடியிருந்து கம்பளி பின்னும் வீட்டுக்கு மெலிந்த பெண்ணொருத்தி வருவாள். செம்மறியாட்டு மயிரைக் கழுவித் தக்கிளியில் தானே நூற்பாள். நூற்கும்போது யாருடனும் பேசமாட்டாள்.

என் பேத்தியின் கைக்குழந்தைக்கு மாரித் தொப்பி பின்னச் சொல்லி ஒரு நூலுருண்டை தந்தாள். பாதி பின்னியபோது நூலுக்குள் நீளமான நரைமயிர் கிடந்தது. செய்வினையோ என்று பின்னலை நிறுத்தி அவளைக் கூப்பிட்டேன்.

"இது ஆர்ர மயிரடி?"

"என்ட தலைமயிர்தான் அக்கா, நூற்கக்குள்ள சுத்துப்பட்டிருக்கும்." இழுத்தெடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள்.

"எறிஞ்சிட்டுப் போவன்!"

"ஒருத்தர்ர கையிலயும் அம்பிடப்படாதக்கா."

அந்த மயிரை வைத்து நான் செய்வினை செய்வேனென்று என்னையே சந்தேகப்பட்டிருக்கிறாள்! அதன்பிறகுதான் அவளை அரைவாசி நம்புகிறேன்.

தொப்பி பின்னி முடிந்தது. என்ட பேத்தி, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதை எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டு. பிறகு, உன்ட பிள்ளைக்குப் போடுறதா எண்டு நீயே சொல்லு.