மஞ்சள் தடவிய படம்

எங்கள் மயிலாப்பூர் வீட்டுப் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால் ஒரு படம் இருக்கிறது. கல்யாணமாகிப் பல வருஷம் குழந்தையில்லாமல், அடையாறில் ஒரு கருத்தரிப்பு மையத்துக்கு அலைந்தோம். அங்கே உருவான மூன்று கருக்களையும் படமெடுத்துக் கையில் கொடுத்தார்கள். சாம்பல் நிறத்தில் மூன்று வட்டங்கள், வெந்த ஜவ்வரிசி மாதிரி. என் மனைவி வீட்டுக்கு வந்ததும் கல்யாணப் பத்திரிகைக்குச் செய்வதுபோல அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள். "பாயசத்துல போட்டுடாதே" என்றேன். அன்று எனக்குச் சாப்பாடு பேச்சில்லாமல்தான் பரிமாறப்பட்டது.

இரண்டை அவள் வயிற்றில் வைத்தார்கள். ஒன்று தங்கவில்லை. தங்கியதுதான் எங்கள் பெண். இப்போது எட்டு வயது. மூன்றாவதை உறையவைத்துப் பத்திரப்படுத்தினார்கள். பிரசவத்தில் மனைவி பிழைத்ததே பெரிய விஷயம். இனி சுமக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேறு யாருக்கும் கொடுக்க எங்கள் இருவருக்குமே மனசு வரவில்லை. வருஷா வருஷம் மையத்திலிருந்து போன் வரும். வைத்திருக்கலாமா, விட்டுவிடலாமா?

விட்டுவிடலாம் என்பதுதான் என் கட்சி. ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒன்றுக்கு என்ன உயிர், என்ன உறவு என்பேன். பேச்சை எடுத்தாலே அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். அப்புறம் பாத்திரங்கள்தான் பேசும். ஒருமுறை மட்டும் பதில் சொன்னாள்.

"உங்களுக்குக் கண்ணால பாத்தப்புறம்தான் கொழந்த. எனக்கு அப்படி இல்ல."

காலையில் பூங்காவில் என்னோடு நடக்கும் நண்பர்களிடம், யார் வீட்டுக் கதையோ போல இதை எடுத்துப் போட்டேன். இதயம் துடித்தால்தான் உயிர் என்றார் ஒருவர். வெளியே வந்து ஒரு மூச்சாவது விடவேண்டும் என்றார் இன்னொருவர். பாண்டி பஜார் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் பாய், நான்கு மாதம் ஆனபிறகுதான் ரூஹு, அதாவது உயிர், ஊதப்படுகிறது என்று தங்கள் பெரியவர்கள் சொல்வார்கள் என்றார். கொஞ்ச தூரம் நடந்தபிறகு, மூன்றாம் மாதமே போய்விட்ட ஒன்றை நினைத்துத் தன் மனைவி இன்னும் அழுவதாகவும் சொன்னார். டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம்.

இந்த வருஷம் சரஸ்வதி பூஜைக்காக அலமாரியைத் துடைக்கிறேன் என்று கிளம்பிய பெண், அந்தப் படத்தோடு வந்து நின்றாள். நான் பேச்சை மாற்றப் பார்த்தேன். மனைவி விடவில்லை. "நீ அம்மா வயித்துக்கு வர்றதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ" என்றாள். பெண் அதை என்னிடம் நீட்டினாள்.

"இதுல நான் எதுப்பா?"

இத்தனை வருஷத்தில் அன்றுதான் அந்தப் படத்தை ஒழுங்காகப் பார்த்தேன். மூன்றும் அச்சாக ஒன்றுபோலவே இருந்தன. எந்த வட்டம் வயிற்றுக்குப் போனது, எது உறைந்து கிடக்கிறது என்று அப்போது நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. தெரியலம்மா என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு குங்குமத்தைத் தொட்டு மூன்றுக்கும் ஒவ்வொரு பொட்டு வைத்து, படத்தைத் தன் கணக்குப் புத்தகத்தின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பூஜை முடிந்த வாரம் மையத்திலிருந்து போன் வந்தது. நான் வாயைத் திறக்குமுன் மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"விட்டுடலாம்னு சொல்லிடுங்க" என்றாள். "எத்தன வருஷம்தான் அதக் குளிர்லயே வெச்சிருக்கறது? பாவம் இல்லையா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்காக விட்டுக்கொடுத்துச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னாள். இத்தனை வருஷமாக நான் கேட்ட சம்மதம் அதுதான். உள் அறையில் பெண், ஒற்றை ஷூவைக் காணோம் என்று கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தாள். போனில் மையத்துப் பெண்மணி, "சார், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.