மிதி, பிடி, விடு

என் அத்தான், அதாவது என் அக்காவின் வீட்டுக்காரர், சாப்பிடும்போதுகூட முழுசாக உட்கார மாட்டார். பாதி உடம்பு நாற்காலியின் நுனியில் இருக்கும், மீதிப் பாதி அடுத்த வேலைக்குக் கிளம்பியிருக்கும். லிஃப்ட் மெக்கானிக். யாரோ எங்கேயோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள் என்று போன் வந்தால், வாயில் போட்டதை மென்றுகொண்டே செருப்பை மாட்டுவார். அப்படியே ஆயுளில் பாதி ஓடிவிட்டது. போன கோடையில் கம்பெனியில் ஓய்வு கொடுத்து, கையில் ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாத மனிதருக்குக் கடிகாரம் கொடுத்தவர்களை என்னவென்று சொல்வது.

அவர்கள் கீழ் வீட்டில், நான் மாடியில். ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு வேலை பார்க்கிறேன், தனி ஆள், வாய் கொஞ்சம் நீளம். அத்தான் வீட்டோடு தங்கிய பிறகு எனக்குத் தூக்கம் போனது. காலையில் ஆணி அடிக்கிற சத்தம், மத்தியானம் எதையோ அரம் போடுகிற சத்தம். கிரீச்சிட்ட கதவுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். கிரீச்சிடாத கதவுகளையும் கழற்றி மாட்டினார், அதன் பிறகு அவை கிரீச்சிட ஆரம்பித்தன. பிரிட்ஜின் கதவை இடது கைப்பக்கம் திறக்கிற மாதிரி மாற்றி வைத்தார். அக்கா இன்றுவரை அதைத் தப்பான பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறாள்.

அக்கா பொறுமைசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சொல்லே பிடிக்காது. வாயைத் திறக்காதவளுக்குக் கொடுக்கிற பட்டம் அது. வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரிகளுக்குத் தலையணை உறையும் ஆபரேஷன் அங்கியும் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மகன் படித்து முடித்து வேற்றூருக்கு வேலைக்குப் போனதும், யாரிடமும் சொல்லாமல் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் துணிகளைத் துவைத்து, அடுக்கி, வார்டுகளுக்கு அனுப்பும் பிரிவு ஒன்று உண்டு. அதன் பொறுப்பைத் தருகிறோம், வருகிறாயா என்று இவளைக் கேட்டார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை, உடனே வருகிறேன் என்றுவிட்டாள். எனக்கு அன்று அவளைக் கட்டிப்பிடித்துக் கொள்ளத் தோன்றியது, கட்டிப்பிடித்தும் விட்டேன்.

ஒரே சிக்கல், நேரம். வேலை விடியற்காலையில் தொடங்கும். அந்த நேரத்துக்கு மலையைத் தாண்டி பஸ் கிடையாது. கார் இருந்தால் வேலை, இல்லாவிட்டால் இல்லை. திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், முடியாவிட்டால் அடுத்து இருப்பவரைக் கூப்பிடுவோம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்கள்.

கார் என்று நான் சொல்வது, மகனைப் பள்ளியில் சேர்த்த வருடம் வாங்கிய நீல வண்டியை. அதன் பின் சீட்டில் அவன் சிந்திய மையின் கறை இன்னும் இருக்கிறது. அத்தான் அதை ஒரு நாளும் பட்டறைக்கு அனுப்பியதில்லை. வண்டியை அடுத்தவன் கையில் கொடுப்பது அவருக்குப் பல் துலக்க ஆள் வைப்பது மாதிரி. எல்லாவற்றையும் வீட்டு வாசல் கொட்டகையிலேயே செய்துவிடுவார். அந்த வாரம் அக்கா ஓட்டிப் பழகும்போது, பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுத்தது. இறங்கிப் பார்த்தால் ஒரு சக்கரத்தில் தீய்ந்த வாடை. அத்தான் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, காலிப்பர் போய்விட்டது என்றார். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துவதுதான் காலிப்பர். உள்ளே துருவேறி, பிடித்ததை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி கோணும், முன்னால் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று புதுசாக ஒரு ஜோடி வாங்கி வந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்து, விளக்கு வைப்பதற்குள் மாட்டி முடித்துவிட்டார். பழையவை இரண்டையும் செய்தித்தாளில் வைத்து, சாக்பீஸால் ‘இடது’, ‘வலது’ என்று எழுதியும் வைத்தார். அவ்வளவு ஒழுங்கான மனிதர். ஆனால் அக்கா உட்கார்ந்து மிதித்தபோது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி அடிவரை இறங்கியது. குழாயில் காற்று புகுந்திருக்கும், அதை வெளியேற்றினால் சரியாகிவிடும் என்றார்.

அதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே பெடலில், ஒருவர் கீழே சக்கரத்தருகில். கீழே இருப்பவர் ‘மிதி’ என்பார், உள்ளே இருப்பவர் மிதிக்க வேண்டும். ‘பிடி’ என்றால் காலை எடுக்கக் கூடாது. அவர் காலிப்பரில் இருக்கும் குட்டித் திருகைத் திறப்பார், எண்ணெயும் காற்றும் ஒரு குழாய் வழியாகப் பாட்டிலில் வந்து விழும். மூடிவிட்டு ‘விடு’ என்பார். அந்த வீட்டில் பிரேக் வேலை என்றால் எப்போதும் உள்ளே அக்கா, கீழே அத்தான். கல்யாணமான புதிதில் பழகிய ஏற்பாடு.

சனிக்கிழமை முழுக்க மிதி, பிடி, விடு. மாடியில் உட்கார்ந்திருந்த எனக்கே கால் தானாக அழுந்த ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார். குழாயில் குமிழியே வரவில்லை, சுத்தமான எண்ணெய்தான் வந்தது. பெடல் மட்டும் ஏறவே இல்லை. அத்தான் கடைக்குப் போய் இன்னொரு டப்பா எண்ணெய் வாங்கி வந்தார். சும்மா சும்மா போய்க் கை கழுவினார். ஸ்பானரைக் கீழே போட்டார், எடுத்தார், தேவையே இல்லாமல் கண்ணாடியைத் துடைத்தார். பரபரப்பில் இப்படி இருக்கிறார் என்று நினைத்து, பட்டறைக்காரனைக் கூப்பிடட்டுமா என்று பால்கனியிலிருந்து கேட்டேன். வேண்டாம் என்று என்னைப் பார்க்காமலே சொன்னார். அக்காவோ, அவருக்குத் தெரியாததா, நீ சும்மா இரு என்று என் வாயை அடைத்தாள்.

ஞாயிறு காலையிலும் அதே பாட்டு. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இறங்கிப் போவதும் ஏறி வருவதுமாக இருந்தேன். மத்தியானம் அக்கா காரிலிருந்து இறங்கி, வலிக்கிற முழங்காலைத் தேய்த்துக்கொண்டே வந்து சக்கரத்தின் முன் குந்தினாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். அத்தான் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தார். அக்கா பழைய காலிப்பர்களில் ‘இடது’ என்று எழுதியதை எடுத்து, மாட்டியிருக்கும் புதுசின் பக்கத்தில் அது முன்பு இருந்த மாதிரியே பிடித்துப் பார்த்தாள். பழையதில் அந்தக் குட்டித் திருகு உச்சியில் இருந்தது. புதியதில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து வலது பக்கம் போய் அங்கேயும் பார்த்தாள். அங்கேயும் அப்படித்தான்.

அத்தான் செம்போடு வெளியே வந்தார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

“ஏங்க, காத்து மேலதானே நிக்கும்? ஓட்டை அடியில இருந்தா அது எப்படி வெளிய போகும்?”

அவர் சக்கரத்தைக்கூடப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார். இடதில் மாட்ட வேண்டியதை வலதிலும், வலதில் மாட்ட வேண்டியதை இடதிலும் மாட்டியிருக்கிறார். நாள் முழுக்க மிதித்தாலும், வருஷம் முழுக்க மிதித்தாலும் அந்தக் காற்று மேலேயே உட்கார்ந்திருக்கும். அட, இவ்வளவுதானா என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. மாற்றி மாட்டினால் முடிந்தது. ஆனால் அக்கா சிரிக்கவில்லை.

“இது உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டாள்.

அவர் செம்பைக் கீழே வைத்தார். இந்த மனிதர் ஓரிடத்தில் அசையாமல் நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“மாட்டும்போது தெரியல. வெள்ளிக்கிழமை ராத்திரி படுத்தப்போ தெரிஞ்சுது. காலைல முதல் வேலையா மாத்திடலாம்னுதான் எழுந்தேன். நீ வேலைக்குன்னு வாங்கின புதுச் செருப்பப் போட்டுக்கிட்டு ஹால்ல நடந்து பார்த்துட்டு இருந்த. அதுக்கப்புறம் கை ஓடல.”

நேற்று முழுக்க, இன்று பாதி நாள், தெரிந்தே மிதிக்க விட்டிருக்கிறார். என் வாயில் என்னென்னவோ வந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள், நான் அடங்கினேன்.

“நீ போயிட்டா இந்த வீட்டுல நான் என்ன பண்ணுவேன்?” என்றார் அவர். எனக்குக் கோபத்துக்கு நடுவிலும் பாவமாக இருந்தது, அதற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது.

அக்கா கையிலிருந்த காலிப்பரைச் செய்தித்தாளில் வைத்தாள். விரலில் இருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தாள்.

“இத்தனை வருஷம் தினமும் நீங்க போனீங்களே. நான் என்ன பண்ணேன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டதில்லை. அது எங்கள் மூன்று பேருக்குமே தெரியும், நானும் அவளைக் கேட்டதில்லை.

கழற்றுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா காரில் ஏறி உட்கார்ந்தாள். அவர் கழற்றினார். அன்று அந்தக் கைகளில் தடுமாற்றமே இல்லை. இடதை இடதிலும் வலதை வலதிலும் மாட்டி, பாட்டிலையும் குழாயையும் எடுத்து வந்து குந்தினார். மிதி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது, நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அக்கா தானாகவே மிதித்தாள். அவர் திறந்தார். பொலபொலவென்று குமிழிகள் குழாய் நிறைய ஓடி வந்தன. இரண்டு பக்கமும் முடித்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. பெடல் கல் மாதிரி நின்றது.

ஓட்டிப் பார்க்க வேண்டும். அத்தான் பழக்கதோஷத்தில் முன் கதவைத் திறக்கப் போனார். அக்கா என்னைக் கூப்பிட்டாள், நீ ஏறு என்றாள். அவர் கையை எடுத்துக்கொண்டு கேட்டருகில் போய் நின்றார். தெருக்கோடியில் இருக்கும் சரிவில் அக்கா வண்டியை வேகமாக விட்டு, எனக்குச் சொல்லாமல் ஒரே மிதியாக மிதித்தாள். பெல்ட் என் நெஞ்சை இறுக்கியது. வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல், நேர்கோட்டில் நின்றது. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அழுதாள், நான் தடுக்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூன்று தடவை அந்தச் சரிவில் ஏறி இறங்கினாள்.

இரவு அவர்களுக்குள் பேச்சில்லை. சுத்தியல் சத்தமும் இல்லை. மறுநாள் இருட்டிலேயே கார் கிளம்பும் சத்தம் கேட்டு எழுந்து பால்கனிக்கு ஓடினேன். அக்கா கையசைத்தது எனக்கு மட்டும்தான். அத்தான் கேட்டைத் திறந்துவிட்டு, காரின் பின்விளக்கு தெருமுனையில் திரும்புகிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டைச் சாத்தினார், மறுபடி திறந்தார். நான் இறங்கிப் போய் டீ போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். மலை இறக்கத்தில் எத்தனை வளைவு என்று என்னைக் கேட்டார். அவருக்குத் தெரியாத வளைவா. டீ ஆறிப்போனது.

கிழக்கு வெளுக்கத் தொடங்கும்போது என் போன் அடித்தது, அவருடையது இல்லை. அக்காதான். போய்ச் சேர்ந்துவிட்டாள், பின்னால் டிராலிகள் உருளும் சத்தம் கேட்டது. அவரிடம் சொல்ல வேண்டியதை அவசரமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அத்தான் என் எதிரில், என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

“இறக்கம் முழுக்க பிரேக் நல்லா பிடிச்சுதாம். உங்ககூட இப்போதைக்குப் பேசப்போறது இல்லையாம்.”

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, முழுசாக உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டார். முதலில் சொன்னதை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.