மாரிமுத்து கொண்டுவந்த எட்டுக்காலிகள்

சென்ற மாதம் என் குளியலறைச் சுவரில் ஒரு சிலந்தி அமர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ஆசிரியை தம் கைப்பேசியால் அதைப் படமெடுத்தார். கண்ணிமைக்கும் நேரத்தில் பெயரும் குடும்பமும் திரையில் வந்துவிட்டன. "இது ஒண்ணும் செய்யாதுங்க ஐயா, பயப்படாதீங்க" என்றார். அவர் போன பின்பும் நெடுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதே சொற்களை ஒருமுறை நானும் சொல்லியிருக்கிறேன், ஒரு பெரிய நூலை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு. சொன்ன நானும் மறைந்துவிட்டால் அந்தப் பிழை எங்கும் பதிவின்றிப் போய்விடும். ஆகவே எழுதிவைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து மருந்தகத்தில் எனக்கு வேலை. பதிவேடு எழுதுவதும் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும் என் பொறுப்பு. மருந்து கொடுப்பவர் வேறொருவர். முதியவர், கண்டிப்பானவர், தோட்டம் முழுவதற்கும் அவரே 'டாக்டரையா'. அந்த மருந்தகத்தை நினைத்தால் முதலில் எழுவது அதன் மணம்: நனைந்த கம்பளி, அயடின், இரண்டையும் மீறி மூக்கில் ஏறும் எரிசாராயம். இன்றும் ஊசி போடுமுன் தாதி பஞ்சை நனைத்தால் போதும், என் கண்முன் அந்தப் பலகைத் தட்டு வந்து நிற்கும். அதில் வரிசையாக மருந்துக் குப்பிகள். குப்பிகளுக்குள் சிலந்தி, வண்டு, பூரான்.

அவை சேர்ந்த கதை வேடிக்கையானது. ஆட்களை நிறுத்தி எண்ணும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது வேலைக்கு நிற்காதவர் மருந்தகத்துச் சீட்டைக் காட்ட வேண்டும். பூச்சி கடித்ததென்று சீட்டுக் கேட்போர் பெருகவே டாக்டரையா ஒரு விதி செய்தார்: கடிபட்டவர் கடித்ததைப் பிடித்து வர வேண்டும். வந்தவற்றை எரிசாராயத்தில் இட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டும் பணியை நானே விரும்பி ஏற்றேன். பெயரறிய ஒரு நூல் இருந்தது. முன்பிருந்த துரை ஒருவர் பங்களாவில் விட்டுச்சென்ற தடித்த ஆங்கில நூல். அது கேள்வி கேட்கும் நூல். கண்கள் எட்டா ஆறா என்று கேட்டு, எட்டென்றால் ஒரு பக்கத்துக்கும் ஆறென்றால் வேறொரு பக்கத்துக்கும் அனுப்பும். கேள்விகள் முடியுமிடத்தில் ஒரு பெயர் காத்திருக்கும். அந்தப் பெயரைச் சென்றடையும் இன்பத்தையே நான் கல்வி என்று எண்ணியிருந்தேன். போதாதென்று தூய தமிழில் பெயர்களும் புனைந்தேன்: சுவர்த்தாவி, குறுநடையன், வெண்பையேந்தி. தொழிலாளர் குடியிருந்த லயத்து மக்களோ எல்லாவற்றையும் எட்டுக்காலி என்றார்கள். என்னை எட்டுக்காலி ஐயா என்றார்கள்.

திங்கட்கிழமைகளில் சிலந்திகள் மிகுதியாகக் கடிக்கின்றன என்று பதிவேட்டைக் கொண்டு நிறுவி, மூன்று பக்கக் கட்டுரை ஒன்றையும் எழுதினேன். பிறகொரு நாள் சன்னலுக்கு வெளியே இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

"அடியே, செரட்டையில ரெண்டு எட்டுக்காலி மூடி வச்சிருக்கியாமே. எனக்கொண்ணு குடு."

"ஒண்ணுதான் இருக்கு. அது நாளைக்கு எங்க வீட்டுக்காரரக் கடிக்கப்போவுது."

"அப்ப என்னைய எது கடிக்கிறதாம்?"

"கரப்பான் புடிச்சுக்க."

"கரப்பானுக்கெல்லாம் எட்டுக்காலி ஐயா சீட்டுத் தரமாட்டாரு. மனுசன் காலத்தானே எண்ணுறாரு!"

கட்டுரையைக் கிழித்தெறிந்தேன். சிரித்தும் கொண்டேன். குப்பிகளில் பாதி குற்றமற்றவை என்று அன்றே எனக்குத் தெரியும். ஆயினும் விதியை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. மாற்றினால் குப்பிகளுக்குப் பூச்சிகள் வருவது நின்றுபோகுமே.

தை மாதத்துப் பனியில், டாக்டரையா விடுப்பில் சென்றிருந்த வாரத்தில், பேச்சியம்மா வந்தார். கொழுந்து பறிப்பவர், முப்பது வயதுகூட இராது. காய்ச்சல், தலைவலி. கொழுந்து பறிக்கையில் உடை நனையாதிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டும் முடிச்சுக்கு அடியில், மிளகளவு கரும்பொருக்கு ஒன்று. முந்திய ஞாயிற்றுக்கிழமை காட்டோரம் விறகு பொறுக்கியதாகச் சொன்னார்.

"என்னமோ கடிச்சிருக்குங்க ஐயா."

"கடிச்சதக் கொண்டாந்தியா?"

"நான் பாக்கவே இல்லைங்களே. வலிகூடத் தெரியலைங்க."

"அப்ப எதப் பாத்து நான் எழுதுறது? போய்த் தேடிக் கொண்டா."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினார். ஒரு மணி நேரத்தில் அவருடைய கணவர் மாரிமுத்து, பால்மாத் தகர டப்பா ஒன்றோடு ஓடிவந்தார். உள்ளே கையகலச் சிலந்தி ஒன்று தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதாங்க ஐயா. அடுப்புச் சந்துல ஒளிஞ்சிருந்துச்சு. இதான் கடிச்சுச்சு."

அவ்வளவு அழகிய சிலந்தியை அதற்கு முன் நான் கண்டதில்லை. நூல் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அது விடை சொன்னது. பெயரைச் சென்றடைந்தேன். "பயப்படாத மாரிமுத்து, இது ஒண்ணும் செய்யாது" என்றேன். களிம்பும் காய்ச்சல் மருந்தும் ஒரு நாள் ஓய்வுச் சீட்டும் கொடுத்தேன். பதிவேட்டில் 'நஞ்சற்றது' என்று எழுதினேன். அது சரியான விடை. அந்தச் சிலந்தி உண்மையிலேயே நஞ்சற்றது. அன்று மாலை முழுவதும் அதன் கால்களை வரைந்துகொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் பேச்சியம்மாவுக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. தேயிலை ஏற்றும் லொறியில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நகரத்துக்குள் நுழையுமுன்பே உயிர் பிரிந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் மாரிமுத்து வந்து வாசலில் நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"ஐயா, ஒரு பொய் சொல்லிட்டேன். அந்த எட்டுக்காலி அவளக் கடிக்கலைங்க. ஐயா கேட்டீங்களேன்னு கைக்கு ஆம்புட்டதப் புடிச்சாந்தேன். சரியானதக் கொண்டாந்திருந்தா நீங்க சரியான மருந்து குடுத்திருப்பீங்க."

நான் பதிவேட்டை மூடிவைத்தேன்.

அதன் பிறகு வேலை முடிந்த மாலைகளிலெல்லாம் அவர் வரத் தொடங்கினார். அதே தகரம். காட்டோரத்தில் விறகு கிடந்த இடத்தைத் துழாவிப் பிடித்தவை. "இதாங்களா பாருங்க ஐயா." நான் நூலைத் திறப்பேன், பெயர் சொல்வேன், இல்லை என்பேன். அவர் தலையாட்டிவிட்டுப் போவார். இரண்டு மாரிகாலம் இப்படியே கழிந்தது. தட்டிலிருந்த குப்பிகளில் பெரும்பகுதி அவர் கொண்டுவந்தவை. இன்றும் சில மாலைகளில் வாசலில் தகரம் தரையில் உரசும் ஒலி கேட்பதுபோல் இருக்கும். எழுந்து போய்ப் பார்ப்பேன். யாரும் இருக்கமாட்டார்கள்.

அந்த நூலை முழுதும் கற்றவன் என்று நான் பலரிடமும் பெருமையடித்ததுண்டு. உண்மையில் அதன் கடைசிப் பகுதியின் தாள்கள் அச்சகத்தில் மடித்தபடியே, ஓரம் வெட்டப்படாமல் இருந்தன. துரை வீட்டு நூலில் கத்தி வைக்கத் துணியாமல் நானும் விட்டிருந்தேன். ஒரு நாள் வெட்டிப் பார்த்தேன். சிலந்திகளுக்கு அடுத்த கூட்டம்: உண்ணிகளும், உண்ணியினும் சிறிய, கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் சிற்றுண்ணிகளும். அவற்றுள் சில, உடை இறுகும் இடத்தில் வலியின்றிக் கடிக்கும். கரும்பொருக்கு ஒன்றை விட்டுச்செல்லும். கடும் காய்ச்சல் தொடரும். பொருக்கைக் கண்டதுமே அவரை மருத்துவமனைக்கு அனுப்பியிருக்க வேண்டும். எந்தப் பூச்சியையும் எவரும் பிடித்து வந்திருக்க வேண்டியதில்லை.

இதை நான் மாரிமுத்துவிடம் சொல்லவில்லை.

குடியுரிமை கிடைக்காத பலரைப்போல் அவரும் அறுபதுகளின் கடைசியில் மகளோடு இந்தியாவுக்கு, திருச்சிப் பக்கம், புறப்பட்டார். ஹட்டன் நிலையத்தில் வழியனுப்ப வந்தோரின் அழுகைக்கு நடுவே என்னைக் கண்டு சன்னலோரம் வந்தார்.

"ஐயா, அது என்னான்னு இன்னமும் தெரியலைங்களா?"

"இல்ல மாரிமுத்து" என்றேன். வண்டி நகர்ந்தது.

விறகு பொறுக்கிய காட்டை வெட்டித் தேயிலை நட்டுவிட்டார்கள். மருந்தகம் இருந்த இடத்தில் இப்போது உரக்கிடங்கு நிற்கிறது. எரிசாராயம் வற்றிக் கால்கள் உதிர்ந்த குப்பிகளை எனக்குப் பின் வந்தவர் ஓடையில் கொட்டினாராம். நூல் எங்கே போனதென்று தெரியவில்லை. பேச்சியம்மாவைத் தெரிந்தவர்கள் அந்த லயத்தில் ஒருவரும் இல்லை.

ஆண்டுகளிலும் பூச்சிகளின் பெயர்களிலும் என் நினைவு தவறியிருக்கக்கூடும். அறிந்தோர் திருத்தி உதவுக. வேறொரு பிழையையும் நீங்களே திருத்த வேண்டும். ஹட்டனிலிருந்து மகளோடு திருச்சிப் பக்கம் வந்து சேர்ந்த மாரிமுத்து என்பவரையோ அவர் வழியில் வந்தவர்களையோ அறிந்திருந்தால், அவர் தவறான சிலந்தியைப் பிடித்துவந்ததால் எவரும் சாகவில்லை என்று சொல்லுங்கள். தவறு, அதைத் தேடி வரும்படி அனுப்பியவனுடையது.