மாடிக் கட்டிலுக்கு எந்தத் திசை நல்லது?

போன சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அறையில் மல்லிகைப்பூ மழை பெய்தது. நிஜமாகவே பெய்தது. மெத்தையில், ஜன்னல் கம்பியில், பள்ளிக்கூடப் பையில், என் தலையில்... எங்கும் பூ. அதைப் பார்த்து நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

பூ விழுந்ததற்கு யாராவது அழுவார்களா? சொல்கிறேன். தப்பு என் பேரில்தான். அதனால் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு உருப்படிகள். பெரியவள் இனியா, ஒன்பது வயது. சின்னவன் செழியன், ஐந்து. இரண்டு மாதம் முன்னால் இனியாவின் வகுப்புத் தோழிக்குப் பிறந்தநாள் என்று நாகமலை புதுக்கோட்டைக்குப் போயிருந்தோம். அந்த வீட்டில் ஓர் அடுக்குக் கட்டில். கீழே ஒரு படுக்கை, மேலே ஒரு படுக்கை, ஏறுவதற்கு ஏணி. கேக் வெட்டும்போதுகூட என் பிள்ளைகள் இரண்டும் இறங்கி வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸிலேயே மனு போட்டுவிட்டார்கள்.

"அம்மா, நமக்கும் மாடிக் கட்டில் வாங்கணும்."

"வாங்கலாம், வாங்கலாம்."

இந்த 'வாங்கலாம், வாங்கலாம்' இருக்கிறதே – பெற்றோர் அகராதியில் அதற்கு 'மறந்துவிடு' என்று அர்த்தம். இனியா புரிந்துகொண்டாள். செழியன் புரிந்துகொள்ளவில்லை. மாடிக் கட்டில் வரும்வரை பீரோ போதும் என்று அதன் உச்சிக்கு ஏற ஆரம்பித்தான். ஸ்டூல், அதற்கு மேல் டிராயர், அதற்கு மேல் கைப்பிடி! "பீரோவுக்குக் கட்டிலே தேவலை, செல்வி" என்று என் கணவர் சரவணன் சொன்ன அன்றைக்குத்தான் தேடலைத் தொடங்கினோம்.

என்னைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்க நாலு கடை ஏறி இறங்குகிறவள். கட்டிலை விடுவேனா?

முதலில் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். கட்டில் அழகோ அழகு. விற்பனைக்கு நின்ற பெண், "மேடம், இதுக்கு இந்த மெத்தையைப் போட்டுப் பாருங்க, சும்மா மெதக்கிற மாதிரி இருக்கும்" என்றாள். போட்டுப் பார்த்தோம். மெத்தை தடிமனோ தடிமன். மேல்கட்டிலைச் சுற்றியிருந்த தடுப்பு, மெத்தைக்கு மேலே நாலு விரல் அளவுதான் மிஞ்சியது.

"இது எதைம்மா தடுக்கும்? தலகாணியையா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். பாவம், அவள் என்ன செய்வாள்? கட்டிலைச் செய்தவர் ஒருவர், மெத்தையைச் செய்தவர் இன்னொருவர். இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு பிள்ளையைப் படுக்கவைத்துப் பார்க்க வேண்டிய வேலை நம்முடையது.

கடைசியில் சமயநல்லூரில் காளியப்பன் அண்ணனின் மரப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தோம். தடுப்பு மெத்தைக்கு மேலே ஒரு முழம் நிற்கணும் என்றேன். சுவர்ப் பக்கம் சும்மா விடக் கூடாது, இரண்டு பக்கமும் தடுப்பு வேண்டும் என்றேன். கட்டைகளுக்கு நடுவே பிள்ளையின் தலை போய் மாட்டக் கூடாது. ஏணிப்படி உருண்டையாக இருந்தால் பாதம் வலிக்கும், பட்டையாக வேண்டும். முனை எல்லாம் மழுங்க இழைத்திருக்க வேண்டும். மேல்கட்டிலைத் தாங்கும் பலகைக்கு எத்தனை குறுக்குச் சட்டம்? நட்டா, ஆணியா?

அண்ணன் காதில் இருந்த பென்சிலை எடுத்துக் கீழே வைத்தார்.

"தங்கச்சி, நீங்க கட்டில் செய்யச் சொல்ல வந்தீகளா, இல்ல எனக்குப் பரீட்சை வைக்க வந்தீகளா?"

சரவணன் வேறு பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேக்குறது எல்லாம் நியாயந்தான். அம்புட்டும் செஞ்சு தாரேன். ஆனா ரெண்டு விசயம் நீங்க பாத்துக்கிறணும். சின்னவன மேல படுக்கப் போடாதீக, ஆறு வயசாவது தாண்டட்டும். அப்புறம், ஏணிப் பக்கம் தலைய வைக்கக் கூடாது. ஏறுற எடத்துல தடுப்பு இருக்காதுல்ல?"

தலையாட்டிவிட்டு வந்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. மதுரை ஜில்லாவிலேயே இவ்வளவு விவரமாக யார் கட்டில் வாங்கியிருப்பார்கள் என்று வழியெல்லாம் சரவணனிடம் கேட்டுக்கொண்டே வந்தேன். அவரும் "யாருமில்ல, யாருமில்ல" என்று சொல்லிக்கொண்டே வண்டி ஓட்டினார்.

கட்டில் வந்தது போன சனிக்கிழமை. அன்றைக்குத் திருப்பரங்குன்றத்தில் எங்கள் பகுதியில் மாதாந்திரக் கரண்ட் கட். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. எங்கள் இன்வெர்ட்டரோ போன கோடையிலேயே மூச்சை நிறுத்திவிட்டது. ஜன்னலைத் திறந்துவைத்து, வேர்த்து விறுவிறுத்துக் காளியப்பன் அண்ணன் கட்டிலை முடுக்கி முடித்தார். மேற்குச் சுவரை ஒட்டி மூலையில் நிறுத்தினார். தலைமாட்டுப் பலகை வடக்குச் சுவரில், ஏணி தெற்கே பார்த்து.

"ஆட்டிப் பாருங்க தங்கச்சி."

ஆட்டினேன். அசையவில்லை. ஒரு செம்பு மோரைக் குடித்துவிட்டு, "வாரேன்" என்று அண்ணன் கிளம்பிவிட்டார்.

அவர் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், எனக்குச் சுருக்கென்றது. தலைமாடு வடக்கே இருக்கிறதே!

வடக்கே தலைவைத்துப் படுக்கலாமா? நமக்குச் சொல்லித் தரவா வேண்டும்? வடக்கே தலைவைத்துப் படுத்த யானைக்குத்தானே தலை போனது, அதுதானே பிள்ளையாருக்கு வந்தது? எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது என்று நானே இந்தப் பக்கத்தில் பலமுறை அளந்திருக்கிறேன். ஆனால் என் தலை வேறு, என் பிள்ளைகளின் தலை வேறு.

தலையணையை மறுபக்கம் போட்டால் தெற்கு ஆகிவிடுமே என்கிறீர்களா? அது ஏணிப் பக்கம். அண்ணன் கூடாது என்று சொல்லிவிட்டார். கட்டிலையே சுற்றித் திருப்பினால் ஏணி சுவரில் முட்டும். ஒரே வழி, தலைமாட்டைக் கிழக்குச் சுவருக்குக் கொண்டுபோவது.

"அண்ணே யோசிச்சுத்தான் அந்த மூலையில போட்டிருப்பாரு, செல்வி" என்றார் சரவணன்.

"மரத்த யோசிச்சிருப்பாரு. திசைய யோசிச்சாராங்க?"

இதற்கு மேல் பேசினால் ராத்திரிச் சாப்பாடு சந்தேகம் என்று அவருக்குத் தெரியும். கீழ்வீட்டு பாலாவைக் கூப்பிட்டார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்.

"மாப்ள, ஒரு கை பிடி."

"ஏன் மாப்ள, இப்பத்தானய்யா மாட்டுனாக? அதுக்குள்ள என்ன?"

"பிடின்னா பிடி. ஒந்தங்கச்சி உத்தரவு."

இருவருமாக இழுத்தார்கள். கிழக்குச் சுவரில் ஒரு மூலையில் பீரோ, இன்னொரு மூலையில் கதவு. மிச்சமிருந்த நடு இடத்தில் கட்டில் வந்து நின்றது. தலை கிழக்கே. எனக்கு மனசு நிறைந்துபோனது. பாலா முதுகைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சந்தனம், குங்குமம் வைத்தேன். மேல்தடுப்பில் இரண்டு முழம் மல்லிகை சுற்றினேன். சுற்றி முடிப்பதற்குள் செழியன் மேலே ஏறிவிட்டான்.

"ஏய், அது என் எடம். எறங்குடா!" கீழ்க்கட்டிலில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த இனியா கத்தினாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்டி" என்றேன் நான். படுக்கத்தானே கூடாது என்று அண்ணன் சொன்னார், உட்காரக் கூடாது என்றா சொன்னார்? நம் வசதிக்கு நாமே வக்கீல் ஆகிவிடுகிறோம் பாருங்கள்.

செழியன் மேலே முட்டிபோட்டு நின்றான். கையைத் தூக்கினான். ஃபேன் இறக்கை கைக்கு வந்தது. விரலால் தள்ளினான். ஃபேன் மெதுவாக ஒரு சுற்று சுற்றியது.

"அம்மா, ராட்டினம்!"

நாங்கள் சிரித்தோம். ஆமாம், சிரித்தோம். அவன் தடுப்பில் இருந்த பூவில் கொஞ்சத்தைப் பிய்த்து ஓர் இறக்கையில் மாட்டினான். "ஃபேனுக்கும் பூ வைக்கணும்ல?" என்றான். ஒரு கை பூவில், ஒரு கை இறக்கையில், வாயெல்லாம் பல். நான் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் போட்டேன். 'மேல்மாடி திறப்பு விழா' என்று கீழே ஒரு வரி வேறு. சித்தி இதயம் போட்டார். மதினி கைதட்டினார். பெரியப்பா 'சூப்பர்' என்றார். அந்தப் படத்தின் நட்ட நடுவில் ஃபேன் இருந்தது. பார்த்த ஒருவர் கண்ணிலும் படவில்லை.

சுவரில் ஸ்விட்ச் எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஆனில் இருந்தது. ரெகுலேட்டர் அஞ்சில். கரண்ட் போனால் நம் வீடுகளில் யார் ஸ்விட்சை அணைக்கிறார்கள்? அப்படியே விட்டுவைத்தால்தானே கரண்ட் வந்தது தெரியும்!

"அம்மா, ஒன்னுக்கு வருது."

"இரு, இன்னொரு போட்டோ எடுத்துக்கிறேன். இங்க பாரு."

"அவசரமா வருது."

"இருடா, இம்புட்டு நேரம் வரலையாக்கும்? பூவைப் பிடி. அம்மாவைப் பாரு."

அவன் என் பேச்சைக் கேட்கவில்லை. என் பிள்ளை என் பேச்சைக் கேட்காமல் போனதற்காக நான் சாமிக்கு நன்றி சொல்வேன் என்று யார் நினைத்தார்கள்? விறுவிறுவென்று ஏணியில் இறங்கி பாத்ரூமுக்கு ஓடினான். "இந்த வீட்டுல ஒருத்தராவது நான் சொல்றதக் கேக்குறீகளா?" என்று நான் சலித்துக்கொண்டே போனைத் தாழ்த்தினேன்.

ஃப்ரிட்ஜ் உறுமியது. ட்யூப்லைட் கண் சிமிட்டியது. அஞ்சு மணிக்கு வர வேண்டிய கரண்ட் நாலு மணிக்கு முன்பே வந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் தெருவே கைதட்டியிருக்கும்.

ஃபேன் சுற்றத் தொடங்கியது. மெதுவாக இல்லை. பூச்சரம் ஒரு நொடி வட்டமாகப் பறந்தது. அப்புறம் நார் அறுந்து, பூவெல்லாம் சிதறி அறை முழுக்கத் தெறித்தது. அரை நிமிடம் முன்பு என் பிள்ளையின் கை இருந்த இடம் அது. தலை இருந்த இடமும் அதற்குப் பக்கம்தான்.

சரவணன் ஓடிப்போய் ஸ்விட்சைத் தட்டினார். நான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். அழுகை தன்னால் வந்தது. இனியா என் முதுகில் ஒட்டிக்கொண்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

செழியன் ஈரக் கையோடு திரும்பி வந்தான். தரையெல்லாம் பூ. கண் விரிந்தது.

"ஐ! யாரும்மா பூ போட்டா?"

அவனை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

"சரி விடு, ஸ்பீடை ஒண்ணுல வச்சுக்கலாம்" என்று சரவணன் மெதுவாக ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் அந்த வாக்கியத்தை அவரே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல மனுஷன். உன்னால்தான் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஏனென்றால் நான்தானே செய்தேன்? தடுப்பை முழம் போட்டு அளந்தவள் நான். இடுக்கில் தலை மாட்டுமா என்று கைவிட்டுப் பார்த்தவள் நான். அதே நான்தான், பத்திரமான மூலையில் நின்ற கட்டிலை இழுத்துவந்து ஃபேனுக்கு அடியில் நிறுத்தினேன். சுற்றுகிற ஃபேனைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். நிற்கிற ஃபேனை யார் பார்க்கிறோம்? அன்றைக்கு அது கூரையோடு கூரையாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே காளியப்பன் அண்ணன் வந்துவிட்டார். போனில் நான் அழுததைக் கேட்டுப் பதறிப்போயிருந்தார். வந்ததும் முதலில் ஃபேனைப் பார்த்தார், அப்புறம் கட்டிலை, அப்புறம் என்னை.

"ஏந்தங்கச்சி, பட்டறையில அம்புட்டுக் கேள்வி கேட்டீகளே... இழுக்கிறதுக்கு முன்னால எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கக் கூடாதா?"

தலையைக் குனிந்துகொண்டேன்.

"எம்மேலயும் தப்பு இருக்கு. மூலையில போட்டதே ஃபேனுக்காகத்தான். அத ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டேன்" என்றார்.

மறுபடி பாலா வந்தார், முதுகில் தைலத்தோடு. கட்டில் பழைய மூலைக்கே போனது. அண்ணன் இனியாவை மேலே ஏற்றி முட்டிபோட்டு நிற்கச் சொன்னார். இரண்டு கையையும் எந்தப் பக்கம் முடியுமோ அந்தப் பக்கமெல்லாம் நீட்டச் சொன்னார். ஃபேன் எட்டவில்லை. எட்டிக் குதித்தாலும் எட்டாது என்று தெரிந்த பிறகுதான் அவளை இறக்கினார். மூலையில் காற்று வராது என்பதற்காகக் கால்மாட்டுச் சுவரில் கூண்டு போட்ட சின்ன ஃபேன் ஒன்று மாட்டியாயிற்று. பக்கத்தில் ஸ்டூல் கிடையாது. சின்னவன் பகலில் மேலே ஏறாமலிருக்க ஏணியையே கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்துவிடுகிறோம்.

"தங்கச்சி... தலைமாடு வடக்கதான் இருக்கு. பரவாயில்லையா?" போகும்போது அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இருக்கட்டும்ண்ணே. யானைக்கு மேல ஃபேன் இல்ல, அது திசைய மட்டும் பாத்தாப் போதும்."

திசை பார்க்க வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? பாருங்கள். கிழக்கு, மேற்கு எல்லாம் பார்த்து முடித்ததும் ஒரே ஒரு முறை தலையைத் தூக்கி மேலேயும் பாருங்கள். அவ்வளவுதான். கரண்ட் போனால் ஸ்விட்சை அணையுங்கள். வந்தது தெரியாமல் போனாலும் பரவாயில்லை, பக்கத்து வீட்டு டிவி சொல்லிவிடும்.

இப்போது இனியா மேலே, செழியன் கீழே, இரண்டு தலையும் வடக்கே. குரூப்பிலிருந்து அந்தப் போட்டோவை அழித்துவிட்டேன். என் போனில் மட்டும் வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. பிள்ளை ஒன்னுக்கு வருகிறது என்றால், இப்போதெல்லாம் நான் 'இரு' என்று சொல்வதே இல்லை.