ஐந்தாம் கொடிக்குத் திரும்பிய வழி

எனக்கு வழி தெரியாது என்று யாராவது சொன்னால் அந்தக் காலத்தில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். கரும்பலகையில் இந்தியாவை ஒரே இழுப்பில் வரைந்துவிட்டு, பிள்ளைகள் வாயைப் பிளப்பதைப் பார்க்க மெதுவாகத் திரும்புவேன். அந்தத் திமிர் இருந்தது.

உண்மையைச் சொன்னால், எங்கள் சுரங்க ஊரான தங்கவயலில் பிறந்த யாருக்கும் வழி தெரியவேண்டிய அவசியமே இருந்ததில்லை. எந்தத் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் நின்றாலும், சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஏதாவதொரு ஷாப்டின் இரும்புக் கோபுரமும் உச்சியில் சுற்றும் சக்கரமும் கண்ணில் படும். அது மறைந்தால், தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிய சயனைடு மேடு தெரியும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் ஷிப்டுக்குச் சங்கு ஊதும். எது பாலகாட் பக்கத்துச் சங்கு, எது மாரிகுப்பத்துச் சங்கு என்று எங்கள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். வடக்கு எது என்று கேட்டால்தான் முழிப்போம்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம், சுரங்கக் கம்பெனி நடத்தும் எங்கள் பள்ளியிலிருந்து இரண்டு தற்காலிக ஆசிரியைகளைச் சாரணியர் பயிற்சி முகாமுக்கு அனுப்பினார்கள். ஒருத்தி நான். இன்னொருத்தி என் தோழி, மூன்றாம் வகுப்பு டீச்சர். பத்து நாள் முகாம், பங்காருபேட்டைக்குத் தெற்கே, நீலகிரி மரமும் பாறையும் உண்ணிச்செடியும் மண்டிய ஒரு காட்டோரத்தில். கடைசியில் ஒரு தேர்வு உண்டு. அதில் தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் வேலை நிரந்தரம்.

எனக்கு அது பெருமைக்கு ஒரு காகிதம். என் அப்பா ஆட்கள் போகும் கூண்டான கேஜை இறக்கி ஏற்றும் என்ஜினை ஓட்டுகிறவர். அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் பல வருடம் இருந்தது. அவளுக்கு அப்படி இல்லை. அவள் அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள்ளே, பாறை சரியாமல் மரம் நிறுத்தும் வேலை. நெஞ்சில் கல்தூசு இறங்கியிருக்கிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்து, பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பட்டியலில் பெயர் இல்லாதவருக்குக் கம்பெனி வீடு இல்லை. மூன்று மாதத்தில் காலி செய்யவேண்டும், அல்லது வீட்டில் வேறு யாராவது கம்பெனியில் நிரந்தரமாக இருக்கவேண்டும். அம்மா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. இருந்தது அவள் ஒருத்திதான். இதை அவள் மாரிகுப்பத்திலிருந்து பங்காருபேட்டை வரும் ரயிலில், வேர்க்கடலைத் தோலை ஜன்னலுக்கு வெளியே ஊதிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

தேர்வு இதுதான்: ஜோடிக்கு ஒரு வரைபடம், ஒரு காம்பஸ். காட்டுக்குள் எட்டு இடத்தில் வெள்ளைத் துணிக் கொடி கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கொடியிலும் தொங்கும் பலகையில் ஓர் எழுத்து. எட்டு எழுத்தையும் வரிசையாக எழுதிக்கொண்டு மூன்று மணி நேரத்துக்குள் முகாமுக்கு வந்து சேரவேண்டும். எழுத்து குறைந்தாலும் தோல்வி, நேரம் கடந்தாலும் தோல்வி.

பயிற்சி நாட்களிலேயே என் யோக்கியதை வெளுத்துவிட்டது. முதல் நாள் நான் காம்பஸைக் கையில் ஏந்தி ராணி மாதிரி முன்னால் நடந்தேன். வடக்கே போகவேண்டியவர்கள் ஒரு முள்வேலியில் போய் முட்டினோம். காம்பஸ் கெட்டுப்போச்சு என்று நான் சத்தம் போட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“கொடைய அந்தாண்ட வச்சிட்டு பாருடி,” என்றாள்.

வெயிலுக்காக நான் குடையை மடக்கி அதே கையில் பிடித்திருந்தேன். குடைக்கம்பியெல்லாம் இரும்பு. குடையைக் கீழே போட்டதும் முள் சாவகாசமாகத் திரும்பி வேறு பக்கம் நின்றது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுப் பந்தி முழுக்க என் குடையைப் பற்றித்தான் பேச்சு.

அவளுடைய வழி வேறு. அவள் காம்பஸை அதிகம் பார்ப்பதில்லை. எண்ணுவாள். இடுப்பில் ஒரு சணல் கயிறு தொங்கும். நூறு காலடி நடந்தால் அதில் ஒரு முடிச்சு. அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். சுரங்கத்துக்குள் ஒரு லெவலில், அதாவது ஒரு தளத்துப் பாதையில், நடக்கும்போது அவர் நிறுத்திய மரங்களை ஷாப்டிலிருந்து எண்ணிக்கொண்டே போவாராம். விளக்கு அணைந்தாலும் எத்தனையாவது மரத்தடியில் நிற்கிறோம் என்று தெரியுமாம். எண்ணும்போது அவள் பேசமாட்டாள். பக்கத்தில் நடக்கும் எனக்கு அது ஒரு தண்டனை. ஆனால் அவள் “இருநூறு அடியில ஒரு பள்ளம் வரணும்” என்றால் இருநூறு அடியில் பள்ளம் வரும். இரண்டு மூன்று நாள் இதைப் பார்த்ததும் என் வாய் தானாக மூடிக்கொண்டது. முழுக்க மூடியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தேர்வுக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் மண் குளிர்ந்து, ஓடைகளில் தண்ணீர் சலசலத்தது. முதல் ஐந்து கொடியும் பழம் மாதிரி கையில் விழுந்தன. ஐந்தாம் கொடியில் எழுத்தை எழுதிக்கொண்டபோது பாதி நேரம்கூட ஆகவில்லை. “இன்னா சொல்றே, மொதல் ஆளா போய் நிக்கப் போறோம்,” என்று நான் அவள் முதுகில் ஒரு தட்டு தட்டினேன்.

வரைபடத்தின்படி ஐந்திலிருந்து ஆறுக்கு ஒரு பாதை. எதிரே அகலமாக ஒரு பாதை இருந்தது. நான் அதில் இறங்கிவிட்டேன். அறுநூறு அடியில் இரட்டைப் பாறை வரவேண்டும். அறுநூறில் அவள் நின்றாள்.

“பாறைய காணோம்.”

“இன்னும் கொஞ்சம் போனா வரும். உன் அடி சின்ன அடி.”

அவள் என்னைப் பார்த்துவிட்டு நடந்தாள். தொள்ளாயிரம் ஆயிற்று. பாறை வரவில்லை. பாதையும் உண்ணிப்புதரில் முடிந்துபோயிற்று. பக்கத்தில் ஓர் ஓடை, மழைத் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். ஒருத்தியும் ஒருத்தியைக் கேட்கவில்லை. தண்ணீர் போகிற திசையில் நடக்க ஆரம்பித்தோம்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்கவேண்டும். தங்கவயல் வீடுகளில் பிள்ளைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே ஒரு பாடம் காதில் விழுந்துவிடும். உள்ளே விளக்கு அணைந்து வழி தப்பினால் பயப்படாதே, ஓரத்துக் கால்வாயைக் கையால் தொட்டுப் பார், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் நட, ஷாப்ட் வந்துவிடும், கேஜ் வந்துவிடும், மேலே வீடு. என் அப்பா சொல்லியிருக்கிறார், அவள் அப்பா சொல்லியிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் ஒருநாள்கூட உள்ளே இறங்கியவர்கள் இல்லை. இருந்தாலும் கால் அதன்படியே நடந்தது. சொன்னால் வெட்கம், எனக்கு அப்போது மனம் லேசாகக்கூட இருந்தது. வழி கிடைத்துவிட்டது என்று நான் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போனேன்.

இருபது நிமிடம் போயிருப்போம். மரங்கள் விலகின. எதிரே ஓர் ஏரி. கரையில் ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தெலுங்கில் ஊர்ப் பெயரைக் கேட்டோம், சொன்னாள். வரைபடத்தில் தேடினோம். அப்படி ஓர் ஊரே அதில் இல்லை. காகிதம் முடிகிற ஓரத்துக்கும் வெளியே நாங்கள் நின்றுகொண்டிருந்தோம்.

என் தோழி ஏரியைப் பார்த்தாள், வந்த ஓடையைப் பார்த்தாள். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள்.

“அடியே, உள்ள தண்ணி ஷாப்டுக்கு வருதுன்னா, நம்ம ஆளுங்க அப்படி சரிவு வச்சி வெட்டிக்கீறாங்க. இந்தக் காட்ட யாருடி நம்ம வீட்டுப் பக்கம் சரிவு வச்சி வெட்டினாங்க?”

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. நேரம் பார்த்தேன். அவளுடைய வீடு கண் முன்னால் வந்தது, அது என் அவசரத்தால் போகப்போகிறது. துவைத்துக்கொண்டிருந்த பெண் முகாமுக்கு ரோட்டு வழி இருக்கிறது, அரைமணியில் போய்விடலாம் என்றாள். உடனே எனக்கு ஒரு யோசனை உதித்தது. எனக்குக் கால் சுளுக்கிவிட்டது என்று சொல்லிவிடலாம். நான் நொண்டுகிறேன், நீ என்னைத் தாங்கிக்கொண்டு வா. பாவம் என்று இன்னொரு நாள் தேர்வு வைப்பார்கள்.

அவள் உடனே மறுக்கவில்லை. யோசித்தாள். யோசிக்காமல் இருப்பதற்கு அவளுக்கு என்ன, இருக்க இடமா நிறைய இருந்தது? பிறகு என் காலைப் பார்த்தாள்.

“காலு நல்லாதானே கீது.”

“சுளுக்குனு சொன்னா காட்டவா சொல்லுவாங்க?”

“எங்க தப்பு பண்ணோம்னு தெரியாம போனா, இன்னொரு நாளு வச்சாலும் அங்கியே தப்பு பண்ணுவோம். வா. அஞ்சாம் கொடிக்குப் போலாம். அது ஒண்ணுதான் நமக்கு நிச்சயமா தெரிஞ்ச எடம்.”

மேட்டில் ஏறித் திரும்பினோம். வழியெல்லாம் அவள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்தாள். ஐந்தாம் கொடியில் நின்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நான் இறங்கிய அகலப் பாதைக்கு இருபதடி தள்ளி, உண்ணிச்செடிக்குப் பின்னால், ஒற்றையடிப் பாதை ஒன்று இருந்தது. அதுதான் வரைபடத்தில் உள்ள பாதை. நான் இறங்கியது விறகு வண்டிக்காரர்கள் புதிதாக வெட்டிய தடம். அறுநூறு அடியில் இரட்டைப் பாறை எங்களுக்காகவே உட்கார்ந்திருந்தது. அவள் அடி சின்ன அடி இல்லை.

எட்டு எழுத்தோடும் முகாமுக்கு வந்தபோது நாற்பது நிமிடம் தாமதம்.

வந்தவர்கள் எல்லோரும் நடந்த வழியைச் சிவப்புப் பென்சிலால் வரைபடத்தில் வரைந்து கொடுக்கவேண்டும். என் கை அழகான கை. ஐந்திலிருந்து ஆறுக்கு நேராக ஒரு கோடு போட்டேன். தாமதத்துக்கு மழைச் சேறு காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, ரப்பரால் என் கோட்டை அழித்துவிட்டு, விறகு வண்டித் தடத்தைப் போட்டாள். ஓடையைப் போட்டாள். காகிதத்தின் ஓரம் வந்துவிட்டது. போய், நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து, சோற்றுப் பருக்கையால் ஓரத்தில் ஒட்டி, அதன்மேல் ஏரியையும் ஊரையும் துணி துவைக்கும் கல்லையும் வரைந்தாள்.

பெங்களூரிலிருந்து வந்த டீச்சர்கள் அந்த வால் ஒட்டிய வரைபடத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அவர்கள் தலைமுடியைப் பிடித்து இழுக்கவேண்டும்போல் இருந்தது. தேர்வு நடத்திய அம்மையார் மைசூர்க்காரர், அவர் சிரிக்கவில்லை. “எல்லி தப்பாய்த்து?” என்று கேட்டார். எங்கே தப்பு நடந்தது என்று இவள் விரல் வைத்துக் காட்டினாள். பாதையைச் சரிபார்க்காமல் இறங்கியது, அறுநூறில் பாறை இல்லாதபோதும் நடந்தது, தண்ணீரின் பின்னால் போனது. எல்லாவற்றுக்கும் “நாங்கள்” என்றாள். முதல் இரண்டும் நான் செய்தது. சொல்லியிருக்கலாம் நான்.

அம்மையார் சுரங்கத்துத் தண்ணீரைப் பற்றி நிறையக் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, நேரம் கடந்தது கடந்ததுதான், தோல்வி என்று எழுதினார். நான் எழுந்துவிட்டேன். இவள் எழவில்லை. “நாளைக்குக் காலையில் வேறு காட்டில் வேறு கொடி வையுங்கள். ஒவ்வொருத்தியும் தனியாகப் போகிறோம். தேறாவிட்டால் எழுதியது எழுதியதாக இருக்கட்டும்,” என்று கன்னடத்தில் கேட்டாள். கெஞ்சவில்லை. கடையில் இன்னொரு சாமான் கேட்கிற மாதிரி கேட்டாள். அம்மையார் அந்த ஒட்டுத்தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

மறுநாள் தனியாகப் போனோம். நான் ஆறாம் கொடிக்கு முன்னால் வழி தப்பினேன். தப்பியது இருநூறாவது அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பத்து நிமிடம் எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு முன்னாலேயே போனேன். திரும்பி வந்து எல்லாக் கொடியையும் பிடித்தேன், ஆனால் அந்தப் பத்து நிமிடம் போதுமாயிருந்தது தோற்பதற்கு. முகாமுக்கு வந்தால் அவள் எனக்கு முன்னாலேயே வந்து, கிழிந்த புடவையை ஊசியால் தைத்துக்கொண்டிருந்தாள். எட்டு எழுத்தும் சரி, இருபது நிமிடம் மிச்சம். எனக்கு ஒரு கணம் பொறாமை வந்தது என்பதை மறைக்கமாட்டேன். அடுத்த கணம் அவளைக் கட்டிக்கொண்டேன். என் வயதில் ஒருத்தியைப் பார்த்து நான் மலைத்துப்போனது அன்றுதான் முதல் தடவை. நான் மறு வருடம் போய்த் தேறினேன்.

ஒரு மாதம் கழித்து வேலை உத்தரவு பள்ளிக்கு வந்தது. மணி அடித்ததும் இருவரும் அவள் வீட்டுக்கு ஓடினோம். அவள் அப்பா கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். அவள் உத்தரவைப் படித்துக் காட்டினாள். வீடு போகாது என்பதை இரண்டு தடவை சொன்னாள். அவருக்கு மூச்சு வாங்க நேரமாயிற்று. பிறகு கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினார். அவள் குனிந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தாள். கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அவள் முகாமில் இருந்த பத்து நாளில், ஊருக்குப் போய் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்ள, அவர் தன் சாமானைத் தானே கட்டி வைத்திருக்கிறார். அவளிடம் அதுவரை மூச்சு விடவில்லை.

“கயித்த அவுத்துடும்மா,” என்றார். “சட்டையெல்லாம் எடுத்து ஆணியில மாட்டு.”