வேதனை உண்டு

குட்டனின் நோய் முதலில் என் காதுக்குத்தான் தெரிந்தது. அவன் நடக்கும்போது பின்னங்கால் நகங்கள் மொசைக் தரையில் கரகரவென்று உரசின. வயதான நாய்க்குச் சோம்பல் என்று சிரித்தோம். ஒரு காலையில் முன்னங்கால்களை ஊன்றி எழுந்து பார்த்தான். பின்பாதி தரையிலேயே கிடந்தது.

கிழக்கேகோட்டையிலிருந்து மிருக ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். என் கணவர் திருநெல்வேலிக்காரர். இங்கேயே வளர்ந்த எனக்கு மலையாளம் பாதித் தாய்மொழி. அவருக்கு இன்னமும் பிடிபடவில்லை. வழியெல்லாம் ஒரே பேச்சு. "இனி நடக்க மாட்டாம்னா, ஊசி போட்டு ஒரேயடியா அனுப்பிருவோம். கஷ்டப்படுத்தக் கூடாது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தை) பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது என்றார். பிறகு இடுக்கியால் குட்டனின் பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினார். அவன் திரும்பிக் கடிக்க வந்தான். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"வேதன உண்டு கேட்டோ! நல்லதாணு."

எங்கள் வீட்டுத் தமிழில் வேதனை மனசுக்கு வருவது. கணவருக்குக் கோபம் பொங்கியது. "என்ன டாக்டர், வாயில்லா சீவன் வேதனைப்படுது, நீங்க சிரிக்கியளே?"

மலையாளத்தில் அது உடம்பு வலி என்று அவசரமாகச் சொன்னேன். வலி எப்படி நல்லதாகும் என்பது எனக்கும் புரியவில்லை.

"விரல்ல கிள்ளினது தலைக்குத் தெரியுதில்லே? அப்போ வழி முழுசா அடைபடலை" என்றார் டாக்டர் எங்களுக்கான தமிழில். "மருந்தும் ஓய்வும் கொடுத்துப் பார்க்கலாம். நீங்க கேட்ட ஊசி இப்ப வேண்டா."

அந்த நசுங்கிய வழியிலும் ஒரு செய்தி ஊர்ந்து தலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு மெய்சிலிர்த்தது.

உங்கள் வீட்டிலும் இப்படியென்றால், மனிதருக்கான வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நாய்க்கு அது விஷமாகலாம். வழுக்கும் தரையில் ரப்பர் பாய் விரியுங்கள். அடிக்கடி புரட்டிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் புண் வரும். சிறுநீர் போகவில்லையென்றால் காத்திருக்க வேண்டாம், டாக்டரிடம் ஓடுங்கள். நடக்கப் பழக்கும்போது வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் துண்டைப் பிடித்தவர், ஊசி போடச் சொன்ன அதே மனிதர்தான். தன் இடுப்பு பிடித்துக்கொண்டதைக்கூட அவர் சொல்லவில்லை. ஒன்றுமே நடக்காத வாரங்கள்தான் அதிகம்.

ஒரு மழைக் காலையில் அவர் கையிலிருந்த துண்டு தொளதொளத்தது. குட்டன் தன் கனத்தைத் தானே சுமந்துகொண்டிருந்தான்.

"ஏளா, நிக்கான் பாரு" என்றார். கொஞ்ச நேரம்தான், பிறகு சாய்ந்துவிட்டான்.

இன்று கோணல்மாணலாக நடக்கிறான். அதற்கு மேல் வராது என்று டாக்டர் சொல்லியாயிற்று. அவன் வாசலைக் கடக்கும்வரை நாங்கள் இருவரும் பின்னால் நிற்கிறோம். அவசரப்படுவது எப்படி என்றே மறந்துவிட்டது. நாற்காலியிலிருந்து எழும்போது என் கால்களைக் குனிந்து பார்க்கிறேன். நான் கூப்பிடவே இல்லை, அவை வந்துவிடுகின்றன.