ஈரச்சேலை கட்டிய பீப்பாய்

குளிர வைக்க வழியே இல்லாத இடத்தில் குளிர்பானம் விற்பது எங்கள் தொழில்.

சரக்கின் பெயர் இஞ்சி பீர். இஞ்சி, வெல்லம், எலுமிச்சை, ஒரு சிட்டிகை ஈஸ்ட். பேரில்தான் பீர், குடித்தால் ஏப்பம் வரும், மப்பு வராது. என் வீட்டுக்காரர் அருள் பெங்களூரில் ஒரு பப்பில் வேலை பார்த்தவர். பாப்பா பிறந்ததும் அதை விட்டுவிட்டு, பழைய எவர்சில்வர் பீப்பாய் ஒன்றோடு ஜவ்வாது மலைக்குத் திரும்பி, நெல்லிவாசல் போகும் ரோட்டோரம் வீட்டு வாசலிலேயே கடை போட்டார். எங்கள் ஊர் கரன்ட்டுக்கு பல்பை எரிக்கவே மூச்சு வாங்கும். பிரிட்ஜை அது திரும்பிக்கூடப் பார்க்காது.

"ஸ்டெல்லா, இந்தக் கோடைக்குள்ள தேறலன்னா நான் பெங்களூருக்கே போய்ட்றேன். நீ பாப்பாவப் பாத்துக்கினு இங்க இரு" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பல்லி என்றால் பயம், இடி என்றால் பயம், காட்டுப்பன்றி என்றால் சொல்லவே வேண்டாம். கைக்குழந்தையோடு மலையில் தனியாகவா? பிரிட்ஜ் இல்லாமல் இட்லி மாவையோ மீன் குழம்பையோ காப்பாற்றப் போராடியவர்களே, நீங்கள் என் கட்சி. கேளுங்கள்.

உஸ்

வெயில் காலத்தில் பீப்பாய்க்குள் இருக்கும் ஈஸ்ட் சும்மா இருக்காது. காற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மூடியில் ஒரு வளையம் உண்டு. இழுத்தால் 'உஸ்' என்று உபரிக் காற்று வெளியே போகும். "தினம் ஒரு வாட்டி இழு, போதும்" என்றார் அருள். "இழுக்கலன்னா?" என்றேன். "வெடிக்கும்" என்றார், விளையாட்டுக்கு. என்னிடமா விளையாடுவது? பாப்பாவின் தூளி தொங்குவது அடுத்த அறையில்!

'அருள் நிறைந்த மரியே' சொல்லி ஒரு இழு. பால் பொங்கினால் ஒரு இழு. பாப்பா தும்மினால் ஒரு இழு. சாயங்காலம் குழாயைத் திறந்தால் மருந்துக்குக்கூட ஒரு குமிழி இல்லை. ஷேர் ஜீப் ஓட்டும் குமார் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாக்கா இது, கஷாயமா? கொஞ்சம் சூடு பண்ணிக் குடுத்தினா சளிக்காவது ஆவும்."

நுரை

அன்றிலிருந்து வளையத்தின் பக்கம் நான் போகவே கூடாது என்று தடை. நானும் தூளியை அவிழ்த்துக்கொண்டு சமையலறைக்குக் குடிபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பத்தூரிலிருந்து பைக்கில் காலேஜ் பசங்க நாலு பேர் வந்தார்கள். பீப்பாய் சூடாக இருந்தால் காற்று பீரோடு ஒட்டி நிற்காது. குழாயைத் திறந்ததும் மொத்தமும் நுரையாகப் புறப்படும். டம்ளர் நிறைய நுரை. ஜக்கு நிறைய நுரை. கடைசியில் பாப்பாவைக் குளிப்பாட்டும் பக்கெட்டை எடுத்துவந்து வைத்தேன், அதுவும் நிறைந்தது. குடிக்க மட்டும் ஒன்றும் இல்லை. ஒருவன் நுரையை விரலால் தொட்டுக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

"அண்ணே, இதக் குடிக்கணுமா, இல்ல ஷேவிங் பண்ணிக்கணுமா?"

அருள் சிரிக்கவில்லை. அன்று மாலையே பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசு தட்டினார்.

ஃபாதர் வந்தார்

புனித நீர் தெளித்து வீடு மந்திரிக்க ஃபாதர் வருவார் என்று தெரியும். கடை போர்டைப் படிப்பார் என்று யோசிக்கவில்லை. பெயின்டர் 'இஞ்சி'யைக் கொசு அளவுக்கும் 'பீர்' என்பதை யானை அளவுக்கும் எழுதியிருந்தார். கான்வென்ட்டில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்து, நன்னடத்தைக்குப் பரிசு வாங்கியவள் நான். முந்தானையால் போர்டை மறைத்துக்கொண்டு நின்றேன். நின்றதால்தான் அவர் கவனித்தார்.

அருள் ஒரு டம்ளர் நீட்டினார். ஃபாதர் யோசித்து, மோந்து பார்த்து, குடித்தார். ஆசீர்வாதம் போல மூன்று ஏப்பம் விட்டார்.

"ருசி நல்லாத்தாம்மா கீது, ஆனா வெந்நீரு மாதிரி கீது. நான் ஜெபத்துல வெக்கிறேன், நீ நெழல்ல வெய்."

சேலை

பலா மர நிழலில் குழி வெட்டி, ஈர மணல் போட்டு, பீப்பாயின் அடியை மட்டும் இறக்கினோம். போதவில்லை. அப்போதுதான் எட்டாம் வகுப்பு அறிவியல் மிஸ் ஞாபகத்துக்கு வந்தார்: ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். என் பழைய மஞ்சள் பருத்திச் சேலையை நனைத்துச் சுற்றினேன். சும்மா சுற்ற மனசு வரவில்லை. கொசுவம் வைத்து, ஊக்கு குத்தி, சிவப்புக் கரை தெரியக் கட்டிவிட்டுப் பாப்பாவுக்குப் பால் கொடுக்க உள்ளே போனேன்.

திரும்பி வந்தால், வேனில் படவேட்டு அம்மன் கோயிலுக்குப் போகிற பெண்கள் இறங்கி நின்றிருந்தார்கள். பீப்பாய்க்கு மஞ்சள், குங்குமம், அரளி மாலை. மூத்த அம்மா ஒருவர் தெருக் குழாயிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றிக்கொண்டிருந்தார். பேசாமல் விட்டால் பாவம், சொன்னால் உதை. "மன்னிச்சுக்குங்கம்மா. இது சாமி இல்லீங்க. உள்ள இஞ்சி பீருங்க."

அந்த அம்மா குடத்தை இறக்கிவைத்து, மாலையை மெல்ல ஒதுக்கி, பீப்பாய்க் குழாயைத் தேடிப்பிடித்து, "எங்க, காட்டு" என்றார். திறந்தேன். ஊற்றிய தண்ணீரெல்லாம் வேலை செய்திருந்தது: டம்ளரில் சில்லென்று பீர், மேலே ஒரு விரல்கடை மட்டும் நுரை! வேன் மொத்தமும் குடித்தது. அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா பொண்ணு? வர்றப்போ இன்னும் ரெண்டு கொடம் ஊத்திட்டுப் போறோம், நீ சேலைய மட்டும் அவுக்காத."

போன்

சொன்னபடி வந்து ஊற்றினார்கள். அவர்கள் வழியாகச் சேதி பரவி, இப்போது யார் வண்டியை நிறுத்தினாலும் முதலில் பீப்பாய்க்கு ஒரு சொம்பு, அப்புறம்தான் தங்களுக்கு ஒரு டம்ளர். குமார்கூட ஜீப்பில் ஊற்றுத் தண்ணீர் கேன் கொண்டுவருகிறான்.

கோடை முடியப் போகும் நேரத்தில் பெங்களூரு முதலாளி போன் செய்தார். தூசு தட்டிய பெட்டி இன்னும் கூடத்தில்தான் இருந்தது. நான் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அருள் சேலையைத் தொட்டு ஈரம் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வர முடியாது சார். பீப்பாய்க்கு வேளா வேளைக்குத் தண்ணி ஊத்த ஆள் வேணும். எங்க வூட்டுக்காரிகிட்ட வுட்டா, அது உஸ்ஸுன்னாலே கொழந்தயத் தூக்கிக்கினு ஓடிடுவா."

இதை எழுதும்போதும் அது வெளியே 'உஸ்' என்கிறது, நான் ஓடவில்லை. தூளியை மட்டும் இன்னும் சமையலறையிலிருந்து மாற்றவில்லை.